மேல்காற்றும் கடற்காற்றும்

ஆனி மாதத்தில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போனவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். வடசேரி நிலையத்தில் ஏறும்போது காற்று என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இராது. தென்னை, வாழை, குளம், விட்டுவிட்டுத் தூறல். தோவாளைப் பூச்சந்தை தாண்டும்வரை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டே வரலாம். ஆரல்வாய்மொழி வந்ததும் யாரோ வண்டியின் முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் ஒரு வேகம். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடப்படும். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் காணிக்கை போட ஓட்டுநர் நிறுத்தினால், இறங்குகிறவர் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். சுற்றிலும், பார்வை போகிற தூரமெல்லாம், காத்தாடிகள். அரசு ஆவணங்களில் அவை காற்றாலைகள். பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் காத்தாடிதான்.

இந்தப் பயணத்தில் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது. வீசுவது அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று. நாகர்கோவில் அந்தக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முப்பந்தலோ மலை இடைவெளியைக் கடந்து அந்தப் பக்கம். கடலை விட்டு விலக விலகக் காற்று தளர வேண்டும். மரமும் வீடும் மேடும் அதன் வேகத்தைத் தின்ன வேண்டும். இங்கே நடப்பது நேர்மாறு. கடற்கரையில் காற்று அதிகம், ஆகவே காற்றாலைக்குக் கடற்கரையே நல்ல இடம் என்று நாம் படித்த பாடம் முப்பந்தலில் உதைபடுகிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் புனல் உவமை. ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீறிடுகிறதல்லவா, அதுபோல மலைகளுக்கிடையே காற்று நெருக்குண்டு வேகமெடுக்கிறது என்பார்கள். எனக்கு இந்த உவமையில் முழு நம்பிக்கை இல்லை. குழாய்க்கு மேலே மூடி உண்டு. கணவாய்க்கு மேலே திறந்த வானம். நெருக்கினால் காற்று மேலே ஏறிப் போய்விடலாமே?

ஏறுவதற்குத்தான் அதற்கு மனமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மீது ஏற வேண்டிய காற்று, ஏற ஏறக் குளிர்கிறது. தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோனால் எடை கூடி மறுபடி கீழே இறங்கப் பார்க்கிறது. ஆகவே மலையின் மேற்குப் பக்கம் காற்று தேங்குகிறது, அங்கே அழுத்தம் கூடுகிறது. கிழக்கே ராதாபுரமும் நாங்குநேரியும் மழை மறைவுப் பூமி; வெயிலில் காய்ந்து கிடக்கும் செம்மண் தேரிகளின் மேல் காற்று சூடாகி எழும்ப, அழுத்தம் குறைகிறது. மேற்கே மேடு, கிழக்கே பள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு வாசல். சரிவில் விட்ட மாட்டுவண்டி உச்சியில் வேகமாக ஓடாது, இறங்க இறங்கத்தான் ஓடும். கணவாய்க் காற்றும் அப்படியே. மிகக் குறுகிய இடத்தைவிட, வாசலைத் தாண்டி வெளியே வரும் இடத்தில்தான் அதன் உச்ச வேகம். முப்பந்தலும் காவல்கிணறும் பணகுடியும் வடக்கன்குளமும் அந்த வெளிவாசலில் இருக்கின்றன.

செங்கோட்டைக் கணவாயிலும் இதே கதை. மழையைக் குற்றால மலையில் கொட்டிவிட்டு, சாரலை அருவிக்கரையில் தெளித்துவிட்டு, மிச்சமுள்ள வேகத்தோடு காற்று சுரண்டைக்கும் ஆலங்குளத்துக்கும் போகிறது. குற்றாலத்தில் சீசன் களைகட்டினால் அங்கே காத்தாடிகளுக்கும் சீசன். பாலக்காட்டுக் கணவாய் இவற்றைவிடப் பெரிது, முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலம். அதன் வழியே வரும் காற்று உடுமலைப்பேட்டை, பல்லடம் வரை நீள்கிறது. மார்கழியில் அதே வாசல் எதிர்ப்பக்கமாகத் திறக்கும். கிழக்கிலிருந்து பாலக்காட்டுக்குள் காற்று பாயும். வாசல் ஒன்றுதான், போக்குவரத்துத்தான் மாறுகிறது.

*

காற்றின் வேகத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ளாமல் இதற்கு மேல் போக முடியாது. காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடியாகப் பெருகுகிறது. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே ஏறத்தாழ 70 வாட் கொண்டுவருகிறது. வேகம் 10 மீட்டரானால் அது 140 ஆகாது. 580 வாட்டை நெருங்கும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. ஆடிக் காற்றில் அம்மியைப் பறக்கவிட்டவருக்கு இந்த விதி தெரிந்திருக்காது. ஆனால் காற்று கொஞ்சம் கூடும்போது அதன் அடி எவ்வளவு கூடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

இதில் எல்லாவற்றையும் காத்தாடி பிடித்துவிடாது. காற்றை முழுவதுமாக நிறுத்திவிட்டால் பின்னால் வருவதற்கு வழி இராது. ஆகவே இருபத்தேழில் பதினாறு பங்கு, அதாவது 59 விழுக்காட்டுக்கு மேல் எந்த எந்திரமும் எடுக்க முடியாது என்று ஜெர்மானியரான ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டினார். எந்திரத்துக்கும் தன் வரம்புகள் உண்டு. பொதுவாக விநாடிக்கு 3 மீட்டருக்குக் கீழே அது அசையாது. 12 மீட்டர் வாக்கில் முழுத்திறனை எட்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு வீசினாலும் பிளேடுகளைத் திருப்பிக்கொண்டு அதே அளவைத்தான் தரும். 25 மீட்டரில் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

மும்மடி விதியின் விளைவு ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: சராசரி வேகம் என்ற எண் பொய் சொல்லும். ஓரிடத்தில் நாள் முழுவதும் ஒரே சீராக 7 மீட்டர் வேகம். இன்னோரிடத்தில் பாதி நாள் 4 மீட்டர், பாதி நாள் 10 மீட்டர். இரண்டுக்கும் சராசரி 7தான். ஏழின் மும்மடி 343. நாலின் மும்மடியையும் பத்தின் மும்மடியையும் கூட்டிப் பாதியாக்கினால் 532. இரண்டாவது இடத்துக் காற்றில் ஒன்றரை மடங்கு ஆற்றல் இருக்கிறது. காற்றாலைக்கு இடம் தேடுகிறவர் காற்று எவ்வளவு என்று கேட்டால் போதாது. எப்போது, எப்படி என்று கேட்க வேண்டும்.

இந்தியாவில் அந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்களில் முதன்மையானவர் அன்னா மணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரங்களின் ஒளியை ஆராய்ந்து, பிறகு வானிலைத் துறையில் கருவிகளைச் செம்மைப்படுத்துவதில் வாழ்நாளைச் செலவிட்டவர். நாட்டின் காற்றுத் தரவுகளைத் தொகுத்து 1983இல் மூலே என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட நூலும், அதைத் தொடர்ந்து கம்பம் நட்டு நடத்திய அளவெடுப்புகளும் இத்தொழிலின் அடித்தளம். வானிலை நிலையங்களின் கருவிகள் பெரும்பாலும் ஊருக்குள், மரங்களுக்கிடையில் இருந்தன. அவை சொன்ன வேகத்தை நம்பியிருந்தால் இந்தியாவில் காற்றே இல்லை என்றுதான் முடிவு கட்டியிருப்பார்கள்.

1986இல் நாட்டின் முதல் முன்மாதிரிக் காற்றாலைகள் அமைக்கப்பட்டபோது தேர்ந்தெடுக்கப்பட்டவை எல்லாம் கடலோரங்கள்: குஜராத்தில் ஓகா, மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி, தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்குப் பக்கத்து முள்ளக்காடு. ஒவ்வொன்றும் 55 கிலோவாட் எந்திரங்கள். இன்றைய அளவில் பொம்மைகள். தமிழ்நாட்டில் பிற்பாடு தொழில் பெருகியதோ கடற்கரையில் அல்ல, கணவாய் வாசல்களில். இன்று மாநிலத்தின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. தூத்துக்குடிக் கரை ஏன் பின்தங்கியது என்பதற்கு நிலம், கம்பித்தடம், முதலீடு என்று பல காரணங்கள் சொல்லலாம். காற்று தன் பங்குக்குச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. அதைக் கேட்க ஒரு நடுப்பகல் கடற்கரையில் நிற்க வேண்டும்.

*

காலை எட்டு மணிக்கு மணலில் வெறுங்காலோடு நடக்கலாம். பன்னிரண்டு மணிக்கு முடியாது. கடலில் கால் வைத்தால் இரண்டு நேரத்திலும் ஏறக்குறைய ஒரே சூடு. மணலில் வெயில் சில அங்குலத்துக்கு மேல் இறங்குவதில்லை, அந்த மெல்லிய தோல் மட்டும் கொதிக்கிறது. கடலில் ஒளி ஆழம்வரை போகிறது. அலை அந்தச் சூட்டைக் கலக்கி விடுகிறது. போதாதற்கு, ஒரு கிலோ மணலைச் சூடாக்குவதைப் போல் ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும் ஒரு கிலோ நீரைச் சூடாக்க. நிலத்தின் மேல் காற்று விரிந்து எழும்ப, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று அடியில் நுழைகிறது. இதுதான் கடற்காற்று. சில நூறு மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை உயரமுள்ள ஒரு போர்வை. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்து, காற்று கரையிலிருந்து கடலுக்குத் திரும்புகிறது. ஆனால் பகல் காற்றின் பலம் அதற்கு இல்லை. விடிவதற்கு முன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், பிற்பகலில் கடற்காற்றில் திரும்பி வந்த காலம் ஒன்று நம் கடற்கரைகளில் இருந்தது. எந்திரப் படகுகள் வந்தபின் அந்த அட்டவணை தேவையற்றுப் போயிற்று. காத்தாடிக்கு அது இன்னும் தேவை.

சென்னைக்காரர்களுக்குக் கடற்காற்றின் சண்டை நன்றாகத் தெரியும். மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் சூடான தரைக்காற்று வலுத்தால் கடற்காற்று உள்ளே வர முடியாமல் வெளியே நிற்கும். நுங்கம்பாக்கத்தில் ஒரு மணிக்கு வர வேண்டியது மூன்று மணியாகும். மீனம்பாக்கத்துக்கு இன்னும் தாமதம். அந்த இடைவெளியில் பாதரசம் நாற்பதைத் தாண்டிவிடும்.

இதே சண்டையைத் தெற்கே, மன்னார் வளைகுடாவில் வைத்துப் பாருங்கள். வளைகுடாவின் மேற்குக் கரையில் தூத்துக்குடி. கிழக்குக் கரையில் இலங்கையின் கற்பிட்டி, புத்தளம், மன்னார். ஜூன் மாதத்தில் இரண்டு கரையிலும் வீசுவது ஒரே பருவக்காற்று, மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும். தூத்துக்குடியில் அதற்கு மேல்காற்று என்று பெயர். ஈரத்தை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவைத்துவிட்டு வரும் வறண்ட காற்று, உப்பளக்காரர்களுக்கு வரப்பிரசாதம். இலங்கைக் கரையில் அதைக் கச்சான் காற்று என்பார்கள். (யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவில் கச்சான் என்று கேட்டால் வேர்க்கடலைதான் கிடைக்கும்.)

இப்போது கடற்காற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிக்குக் கடல் கிழக்கே. ஆகவே பிற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வர முயல்கிறது; மேல்காற்றுக்கு நேரெதிர். கற்பிட்டிக்குக் கடல் மேற்கே. அங்கே கடற்காற்றும் கச்சானும் ஒரே பக்கமிருந்து வருகின்றன. ஒரே கடல், ஒரே வெயில், ஒரே பருவம். ஒரு கரையில் இரண்டு காற்றும் மல்லுக்கட்டுகின்றன. மறுகரையில் தோளோடு தோள் சேர்ந்துகொள்கின்றன.

கணக்குக்காக மட்டும் இப்படி வைத்துக்கொள்வோம்: பருவக்காற்று 7 மீட்டர், கடற்காற்று 3 மீட்டர். சேர்ந்தால் 10. எதிர்த்தால் 4. உண்மையில் காற்றுகள் இப்படிப் பள்ளிக்கூடக் கூட்டல் கழித்தலுக்குக் கட்டுப்படுவதில்லை. ஆனாலும் போக்கு இதுதான். மும்மடி விதியில் போட்டால் 1000க்கு 64. ஏறக்குறைய பதினாறு மடங்கு வித்தியாசம், அதுவும் பிற்பகல் மூன்று மணிக்கு.

இதைக் காற்றாலைக்காரர்களுக்கு முன்பே கண்டுபிடித்தவர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு அலையில் சறுக்கும் விளையாட்டுக்காரர்கள். கற்பிட்டிக் கடற்காயலுக்கு மே முதல் அக்டோபர் வரை உலகெங்கிலுமிருந்து அவர்கள் வந்து குவிகிறார்கள். பிற்பகல் ஆனதும் காற்று எழும் என்று அவர்களுக்கு எந்தத் தரவுத் தொகுப்பும் சொல்ல வேண்டியதில்லை.

தூத்துக்குடிப் பக்கம் தோல்வி மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மேல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்றால் கரையேறவே முடியாது. காத்தாடி நாள் முழுவதும் மேற்கைப் பார்த்தபடி சுற்றும். சிக்கல் மேல்காற்று தளர்ந்த நாட்களில்தான். காலையில் மேற்கிலிருந்து நல்ல காற்று. நண்பகலுக்குப் பின் இரண்டும் முட்டிக்கொள்ளும் கோடு கரையை நெருங்கும். அந்தக் கோட்டில் காற்று செத்துப்போகும், பிளேடுகள் நிற்கும். பிறகு கிழக்கிலிருந்து ஒரு குளிர்ந்த வீச்சு. மேலே இருக்கும் எந்திரக்கூடு மெதுவாக, நூறு டிகிரிக்கு மேல் முகம் திருப்பியாக வேண்டும். அது வேண்டுமென்றே மந்தமாகச் செய்யப்பட்ட எந்திரம். ஒவ்வொரு சிறு வீச்சுக்கும் திரும்பினால் பல்சக்கரங்கள் தேய்ந்துவிடும். காற்றுக்கும் முகத்துக்கும் 10 டிகிரி விலகல் இருந்தால் இழப்பு நாலைந்து விழுக்காடுதான், பொறுத்துக்கொள்ளலாம். 20 டிகிரி என்றால் பதினைந்து விழுக்காட்டுக்கு மேலும் போகக்கூடும். திசை அடிக்கடி மாறும் கரையில் இந்தச் சில்லறை இழப்புகள் ஆண்டுக் கணக்கில் பெரிய தொகை.

*

மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் இலங்கை மின்சார சபையின் ‘தம்பபவனி’ காற்றாலை நிற்கிறது. 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. முப்பது எந்திரங்கள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், ஒவ்வொன்றின் சுழல்வட்டமும் 126 மீட்டர் விட்டம். கரையை ஒட்டி, கடலைப் பார்த்து, வரிசை கட்டி நிற்கின்றன. அலை நுரைக்கு இவ்வளவு பக்கத்தில் வைத்தது காட்சிக்காக அல்ல.

கடலின் பரப்பு காற்றுக்கு ஏறக்குறைய கண்ணாடி. வயல்வெளி அதைவிட நூறு மடங்குக்கு மேல் கரடு. ஊர் இன்னும் மோசம். கரடான தரையில் கீழே உள்ள காற்று உரசித் தளர்ந்துவிட, மேலே போகப் போகத்தான் வேகம் கூடும். தரையில் 10 மீட்டர் உயரத்திலிருந்து 100 மீட்டருக்கு ஏறினால் வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல் போகலாம். ஆற்றலோ நாலு மடங்கு. கடல்மேல் அதே ஏற்றத்துக்கு வேகம் கால் பங்குதான் கூடும். உள்நாட்டில் கோபுரத்தை உயர்த்திக்கொண்டே போவது லாபம். கடலில் அவ்வளவு அவசியமில்லை, கீழேயே நல்ல காற்று கிடைத்துவிடுகிறது.

கடலிலிருந்து காற்று கரையேறும் கணத்தில் என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு இந்த அத்தியாயத்தில் மிகவும் பிடித்த பகுதி. கரையைத் தொட்டதும் காற்றின் அடிப்பகுதி மட்டும் தடுக்கி விழுகிறது. மேற்பகுதிக்குக் கரை வந்ததே தெரியாது. அது இன்னும் கடல்மேல் போவதாகவே நினைத்துக்கொண்டு போகிறது. தடுக்கிய செய்தி கீழிருந்து மேலே மெல்லப் பரவுகிறது. தோராயமான கணக்கு ஒன்று உண்டு: கரையிலிருந்து எவ்வளவு தூரமோ அதில் பத்தில் ஒரு பங்கு உயரத்துக்கு அந்தக் குழப்பம் எழும்பியிருக்கும். கரையிலிருந்து நூறு மீட்டரில் அது பத்து மீட்டர் உயரம்தான், பிளேடுக்கு எட்டாது. காத்தாடி தரையில் நின்றபடி கடலின் காற்றைக் குடிக்கிறது. ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் குழப்பத்தின் மேல்விளிம்பு நூறு மீட்டர் உயரத்தில், சரியாகச் சுழல்வட்டத்தின் நடுவே ஓடும். மேலே போகும் பிளேடு சீரான கடற்காற்றில் அறைகிறது. கீழே வரும்போது தளர்ந்த, திக்கற்ற தரைக்காற்றில் மூழ்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு, ஒரு தளர்ச்சி. நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்றாலும் ஆண்டுக்கு அது ஐம்பது லட்சத்தை எட்டிவிடும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அந்த வேலையைத்தான் காற்று இவ்வளவு பொறுமையாகச் செய்கிறது. மீட்டரில் தெரியும் மின்சாரம் குறையாமலே எந்திரத்தின் ஆயுள் குறையும் இடங்கள் இவை.

மன்னாரில் கரையோரம் நிற்பதற்கு விலையும் உண்டு. சைபீரியா, மத்திய ஆசியா பக்கமிருந்து தெற்கே வரும் வலசைப் பறவைகளின் வழி அது. பூநாரைகள் இறங்கும் நீர்நிலைகள் சுற்றிலும் இருக்கின்றன. பறவைக் கூட்டத்தைக் கண்டு எந்திரத்தை நிறுத்துவதற்காக அங்கே ராடார் வைத்திருக்கிறார்கள். புதிய காத்தாடிகள் வேண்டாம் என்று தீவு மக்கள் போராடியதையும் சொல்லாமல் விட முடியாது. நல்ல காற்று உள்ள இடம் யாருக்கோ வீடாகவும் இருக்கிறது.

*

கடல் கொடுக்கும் காற்றில் கடலின் உப்பும் வரும். பிளேடின் நுனி விநாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் போகிறது, அதாவது மணிக்கு 290 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மழைத்துளியே கூழாங்கல் மாதிரி. முன்விளிம்பின் பூச்சு பொரிந்து, இழை தெரியத் தொடங்கும். மழையில்லாத மாதங்களில் உப்பும் தூசியும் சேர்ந்து அதே விளிம்பில் பொறுக்காகப் படியும். வழவழப்புப் போனால் காற்று பிளேடை ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொள்கிறது; உந்துவிசை குறைகிறது. முதல் நல்ல மழையில் உப்புக் கழுவப்பட்டு உற்பத்தி தானாக ஏறும். தேய்மானம் மட்டும் ஏறாது.

பிளேடு அழுக்கைப் பற்றி ஒரு வேடிக்கையான துப்பறிதல் உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரே வேகக் காற்றில் ஒரே காத்தாடி ஒரு நாள் முழுத்திறனும் மறுநாள் பாதியும் தந்தது ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. கார்ட்டென், வெல்ட்காம்ப் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் 2001இல் விடை சொன்னார்கள்: பூச்சிகள். காற்று மெதுவாக உள்ளபோதுதான் பூச்சிகள் பறக்கும். அப்போது முன்விளிம்பில் மோதி ஒட்டிக்கொள்ளும். மெதுவான காற்றில் அதனால் பாதிப்பில்லை. பிறகு பலத்த காற்று வரும்போது, பூச்சி போய்விட்டிருக்கும், ஒட்டிய அழுக்கு தன் வேலையைக் காட்டும்.

நம் கடற்கரைக்கு இன்னொரு சின்னக் குறை. எந்திரங்களின் திறன் அட்டவணைகள் 15 டிகிரி வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ எடை என்று வைத்துப் போடப்படுபவை. நம் கரையில் முப்பது டிகிரிக்கு மேல்; காற்று விரிந்து ஐந்தாறு விழுக்காடு இலேசாகிவிடுகிறது. ஈரக்காற்று கனமாக இருக்கும் என்று தோன்றும், அதுவும் தவறு. நீராவி மூலக்கூறு காற்றின் மற்ற மூலக்கூறுகளைவிட இலேசு. புழுக்கத்தில் கனப்பது நாம்தான்.

புயல் வேறு கணக்கு. 25 மீட்டர் வேகத்துக்கு மேல் காத்தாடி பிளேடுகளைக் காற்றுக்கு விளிம்பாகத் திருப்பி ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் புயலின் கண் கடந்து போகும்போது காற்றின் திசை சுழன்றுகொண்டே இருக்கும். காத்தாடியும் முகத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். அந்த நேரத்தில் கம்பி அறுந்திருக்கும். 2003இல் ஜப்பானின் மியாக்கோ தீவில் ‘மேமி’ சூறாவளி விநாடிக்கு 74 மீட்டர் வீச்சோடு வந்தபோது அங்கிருந்த ஆறு காத்தாடிகளில் மூன்று அடியோடு சாய்ந்தன. மன்னார் வளைகுடாப் பக்கம் புயல்கள் அபூர்வம் என்பது உண்மைதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கியின்போது குமரிக் கரையும் அந்த அபூர்வத்தைப் பார்த்தன.

அந்தத் தனுஷ்கோடியில்தான், சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் கடலோரக் காற்றை அளக்க 100 மீட்டர்க் கம்பம் நட்டது. தமிழ்நாட்டுக் கடற்பரப்பில் மட்டும் 35,000 மெகாவாட் அளவுக்கு வாய்ப்பு இருப்பதாக அந்நிறுவனத்தின் மதிப்பீடு. குமரி முனைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் நல்ல காற்று இருப்பதற்குக் காரணம் இந்த அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது: மலையை ஏற மனமில்லாத காற்று கணவாய் வழியாக மட்டும் போவதில்லை, மலை முடியும் இடத்தைச் சுற்றிக்கொண்டு கடல் வழியாகவும் போகிறது. அந்தப் பாதையில் தென்னையும் இல்லை, வீடும் இல்லை.

கடலுக்குள் ஒரு புதுத் தொல்லை காத்திருக்கிறது. தரையில் ஒரு காத்தாடி கலைத்துவிட்ட காற்றை, சுற்றியுள்ள கொந்தளிப்பு மேலிருந்து புதுக்காற்றைக் கலந்து சீக்கிரம் சரிசெய்துவிடும். கடல்மேல் காற்று சீரானது, கலக்க ஆளில்லை. ஆகவே களைத்த காற்றின் வால் கிலோமீட்டர் கணக்கில் நீளும், பின்னால் நிற்பவை அதைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் கடற்காற்றாலையில் எண்பது காத்தாடிகள். 2008 பிப்ரவரியில் ஒரு பனிமூட்ட நாளில் எடுத்த படத்தில் ஒவ்வொன்றின் பின்னாலும் வெண்புகை வால் நீண்டு அடுத்ததை விழுங்குவது தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பனி ஒரு காலைப்பொழுதுக்குக் காட்டிக்கொடுத்தது.

முப்பந்தலில் அந்த நெரிசல் பனியில்லாமலே தெரியும். தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் எந்திரங்கள், முப்பது மீட்டர் உயரத்தில், தோளோடு தோள் உரச நிற்கின்றன. தமிழ்நாட்டின் மிகச் சிறந்த காற்று வாசலை மிகப் பழைய எந்திரங்கள் பிடித்துவைத்திருப்பது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. 27 மீட்டர் விட்டத்தின் இடத்தில் 140 மீட்டர் விட்டம் வந்தால் ஒன்றே இருபத்தேழின் பரப்பைத் துழாவும். பழையவற்றை மாற்றியமைக்க மாநில அரசு 2024இல் ஒரு கொள்கை வெளியிட்டது. ஆனால் ஒவ்வொரு காத்தாடிக்கும் ஒரு சொந்தக்காரர், ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பட்டா. காற்றைவிட அது கடினமான கணக்கு.

ஐப்பசி பிறந்ததும் காற்று விழுந்துவிடும். ஆண்டு மின்சாரத்தின் பெரும்பகுதியை வைகாசி முதல் புரட்டாசிக்குள் தந்துவிட்ட களைப்பில் காத்தாடிகள் நிற்கும். கிரேன்கள் வரும், கயிற்றில் தொங்கியபடி பிளேடின் முன்விளிம்பைத் தடவிப் பார்ப்பார்கள், பொரிந்த இடங்களை அடைப்பார்கள். கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வாடை எட்டிப் பார்க்கும்போது, அதுவரை மேற்கைப் பார்த்து நின்ற எந்திரக்கூடுகள் ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, சோம்பலாக ஒரு சுற்று, நின்று மறு சுற்று. அந்த நாட்களில் நாகர்கோவில் பேருந்தில் வருகிறவர்கள் ஆரல்வாய்மொழியில் ஜன்னலை மூடுவதில்லை.